இரண்டாயிரம் ரூபாய்க் கணினி

2011-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் புது தில்லியில் ஒரு விழா நடந்தது. அப்போது மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சராக இருந்த கபில் சிபல், ஒரு சிலேட்டைப் போன்ற கருவியை மாணவர்களின் கைகளில் கொடுத்தார். அதன் பெயர் ஆகாஷ். டேப்லெட் என்று நாம் சொல்லும் பலகைக் கணினி அது. அரசு அதை வாங்கிய விலை 2,276 ரூபாய். மானியம் கழித்து மாணவர்களுக்கு இன்னும் குறைந்த விலைக்குத் தருவது திட்டம். அதே ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் நம் நாட்டில் 29,500 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்திருந்தது. அதாவது ஒரு ஐபேட் வாங்கும் பணத்தில் பன்னிரண்டு ஆகாஷ் வாங்கலாம். கையில் மீதியும் இருக்கும்!

இதைக் கேட்டவுடன் இரண்டு விதமான எண்ணங்கள் எழுவது இயல்பு. ஒருவர், "ஐபேட் காரன் கொள்ளையடிக்கிறான்" என்பார். மற்றொருவர், "இரண்டாயிரம் ரூபாய்க்கு எதைத்தான் கொடுக்க முடியும், விளையாட்டுச் சாமானாக இருக்கும்" என்பார். இருவருமே கருவியைத் திறந்து பார்க்காமல் பேசுகிறார்கள். நாம் திறந்து பார்ப்போம்.

ஆகாஷுக்குள் என்ன இருந்தது? மூலைக்கு மூலை 7 அங்குலம் உள்ள திரை. அதில் 800 புள்ளிகள் அகலம், 480 புள்ளிகள் உயரம். நொடிக்கு 36 கோடியே 60 இலட்சம் முறை துடிக்கும் செயலி. 366 மெகாஹெர்ட்ஸ் என்பது அதைத்தான். 256 மெகாபைட் நினைவகம். கோப்புகளைச் சேமிக்க 2 ஜிகாபைட் இடம். 2,100 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம். யு.எஸ்.பி. கருவிகளைச் செருக இரண்டு துளைகள். டேட்டாவிண்ட் என்னும் நிறுவனம் இதைத் தந்தது. வாங்கும் பொறுப்பு ராஜஸ்தான் ஐ.ஐ.டி.யிடம் இருந்தது. கருவிகள் ஹைதராபாத்தில் பூட்டப்பட்டன.

எண்களை வரிசையாகப் படித்தால் ஒன்றும் விளங்காது. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால், "இங்கே காசை மிச்சப்படுத்துவோம்" என்று ஒரு பொறியாளர் எடுத்த முடிவு இருக்கிறது. அந்த மிச்சம் மாணவரின் எந்த வேலையில் போய்க் கை வைத்தது என்பதுதான் நமக்கு வேண்டியது.

விரலும் ஓம் விதியும்

ஆகாஷின் மீது எழுந்த முதற்குறை தொடுதிரையைப் பற்றியது. "தொட்டால் போதவில்லை, அழுத்த வேண்டியிருக்கிறது" என்றார்கள். காரணம், அதில் இருந்தது மின்தடைத் தொடுதிரை. இதன் தத்துவம் மிக அழகானது. பள்ளி இயற்பியல் தெரிந்த எவருக்கும் புரியும்.

இரண்டு மெல்லிய தாள்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டின் உட்பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்கடத்திப் பூச்சு. இண்டியம், வெள்ளீயம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் கலந்த பூச்சு அது. ஒளியையும் விடும், மின்சாரத்தையும் விடும். இரண்டு தாள்களும் ஒட்டிக்கொள்ளாதபடி நடுவில் மிக நுண்ணிய மணிகள் தூவப்பட்டிருக்கும். கீழ்த்தாளின் இடது ஓரத்தில் 0 வோல்ட், வலது ஓரத்தில் 3 வோல்ட் என்று மின்னழுத்தம் கொடுத்தால், இடமிருந்து வலமாகப் போகப்போக மின்னழுத்தம் சீராக ஏறிக்கொண்டே போகும். நீங்கள் மேல்தாளை ஓரிடத்தில் அழுத்துகிறீர்கள். அது வளைந்து கீழ்த்தாளைத் தொடுகிறது. தொட்ட இடத்தின் மின்னழுத்தத்தை மேல்தாள் அப்படியே எடுத்துச் சென்று கணினிக்குச் சொல்கிறது. 1 வோல்ட் என்றால், இடது ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விரல் இருக்கிறது என்று பொருள். அடுத்த கணமே மேல்தாளுக்கு மேலிருந்து கீழாக மின்னழுத்தம் கொடுத்து, கீழ்த்தாளைக் கொண்டு அளக்கிறார்கள். உயரமும் கிடைத்துவிடுகிறது. நொடிக்குப் பல முறை இப்படி மாறி மாறி நடக்கிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். 6B பென்சிலால் ஒரு தாளில் 9 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் அகலம் உள்ள பட்டையை நன்றாக அழுத்தி, சீராகத் தீட்டுங்கள். பென்சில் கரி மின்கடத்தி அல்லவா? பட்டையின் இரு முனைகளிலும் கவ்விகளை மாட்டி ஒரு 9 வோல்ட் பேட்டரியை இணையுங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டரின் கறுப்பு முனையை எதிர்முனையில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். 3 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 3 வோல்ட், 6 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 6 வோல்ட் காட்டும். உங்கள் கை தீட்டியதில் ஏற்றத்தாழ்வு இருந்தால் அளவும் அதற்கேற்பத் தவறும். முள் உள்ள பழைய மீட்டர் வேண்டாம். அதுவே கொஞ்சம் மின்சாரத்தை இழுத்துக்கொண்டு அளவைக் கெடுத்துவிடும். பென்சில் பட்டையில் நீங்கள் கண்டது ஆகாஷின் தொடுதிரையில் பாதி!

இதன் நன்மைகள் சிலவற்றைக் குறைகூறியவர்கள் சொல்லவில்லை. அழுத்துவது எதுவாக இருந்தாலும் இதற்குக் கவலையில்லை. விரல், நகம், பேனா மூடி, கையுறை எல்லாம் ஒன்றுதான். கூரான ஒரு குச்சியால் எழுதினால் விரலைவிடத் துல்லியமாகவே எழுதும். சர்க்யூட் எளிது, ஆகவே விலையும் குறைவு.

கெடுதல் எங்கே? ஒன்று, இரண்டு விரல்களால் இரண்டு இடங்களில் அழுத்தினால் மேல்தாள் இரண்டு மின்னழுத்தங்களையும் ஒன்றாக்கி, இடைப்பட்ட ஓர் அளவைச் சொல்லும். இரு விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்கும் வேலை இதில் நடக்காது. இரண்டு, மேல்தாள் வளைய வேண்டும் என்பதால் அது பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், கீறல் விழும். மூன்றாவதுதான் முக்கியம். இத்தனை அடுக்குகளைக் கடந்து வருவதற்குள் திரையின் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு வரை வீணாகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின்கலத்தைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வரும்.

விலை உயர்ந்த டேப்லெட்டுகளில் இருந்தது மின்தேக்குத் தொடுதிரை. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கோடுகள் சந்திக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு சிறு மின்தேக்கி. நம் உடலும் மின்கடத்திதான். விரல் அருகில் வந்ததும் அந்த இடத்து மின்தேக்குத்திறன் கொஞ்சம் மாறுகிறது. கொஞ்சம் என்றால் மிகமிகக் கொஞ்சம். ஒரு பிக்கோஃபாரடு அளவோ அதற்கும் குறைவோ. அந்த மாற்றத்தைச் சுற்றுப்புற மின் இரைச்சலிலிருந்து பிரித்து அறிய நல்லதொரு தனிச் சில்லு வேண்டும். 2011-இல் விலையை உயர்த்தியவற்றுள் அதுவும் ஒன்று.

முக்கால் மணி நேர விளக்கு

இப்போது மின்கலத்துக்கு வருவோம். என் கருத்தில், ஆகாஷில் கை வைக்கக் கூடாத இடம் இதுதான்.

2,100 மில்லி ஆம்பியர்-மணி என்பது 2.1 ஆம்பியர்-மணி. லித்தியம் மின்கலத்தின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 7.8 வாட்-மணி வரும். இந்த ஆற்றல் எவ்வளவு? நம் வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. விளக்கை முழுதாக ஒரு மணி நேரம்கூட எரிய வைக்க இது போதாது. முக்கால் மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டி அணைந்துவிடும்.

7 அங்குலத் திரையுள்ள ஒரு டேப்லெட் வேலை செய்யும்போது ஏறக்குறைய 3 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 7.8-ஐ 3-ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரம் கிடைக்கும். காலையில் கல்லூரிக்குப் போகும் மாணவருக்கு மதிய உணவு வரைகூடத் தாங்காது. ஆறு மணி நேரம் ஓட வேண்டுமானால் 18 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ 4,900 மில்லி ஆம்பியர்-மணி தேவை. "நடுவில் சார்ஜ் செய்துகொள்ளலாமே" என்று நீங்கள் கேட்கலாம். அறுபது பேர் இருக்கும் வகுப்பறையில் எத்தனை பிளக் இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள்!

லித்தியம் மின்கலம் வயதாகும் பொருள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சில நூறு முறை சார்ஜ் செய்து தீர்த்தபின் அதன் கொள்ளளவு ஐந்தில் நான்கு பங்காகக் குறைந்துவிடுவது வழக்கம். இரண்டரை மணி நேரம் அப்போது இரண்டு மணி நேரமாகிவிடும்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன ஐந்தில் ஒரு பங்கு ஒளி இங்கேதான் வருகிறது. டேப்லெட்டில் மின்சாரத்தை அதிகம் தின்பது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு. தொடுதிரை ஒளியில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டால், பழைய வெளிச்சத்தைப் பெற விளக்கை ஒன்றேகால் மடங்கு எரிக்க வேண்டும். மலிவான தொடுதிரையில் மிச்சமான காசு, ஏற்கெனவே சிறியதான மின்கலத்தின் தலையில் விழுகிறது. எந்தக் கருவியிலும் பாகங்களைத் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கக் கூடாது என்று பொறியாளர்கள் சொல்வது இதனால்தான்.

செயலியும் நினைவகமும்

இவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நினைவகம் என்பது மேசை. சேமிப்பகம் என்பது அலமாரி. அலமாரியில் எத்தனை புத்தகம் இருந்தாலும் மேசையில் விரித்துப் படிக்கத்தான் முடியும். 256 மெகாபைட் சிறிய மேசை. அதில் ஒரு பங்கை இயக்க மென்பொருளான ஆண்ட்ராய்டே பிடித்துக்கொள்ளும். கனமான ஒரு பக்கத்தைத் திறந்தால் முன்பு திறந்ததை எடுத்து வைத்துவிட்டுத்தான் இதை விரிக்க முடியும். திரை தயங்கித் தயங்கி நகர்வது அப்போதுதான்.

ஆனால் ஒரு சுவையான செய்தி. இதே ஆகாஷில் வீடியோவை விரித்துக் காட்டுவதற்கென்று தனி உறுப்பு இருந்தது. ஆகவே பொதுச்செயலி மெதுவானதாக இருந்தாலும், பேராசிரியரின் பாடத்தை வீடியோவாகப் பார்ப்பதை அது பெரிதாகத் தடுக்கவில்லை. பாடங்களை வீடியோவாகப் பதிவு செய்து கொடுப்பது அன்றைய திட்டத்தின் ஒரு பகுதி. ஒரே ஒரு வேலைக்கென்று செய்த சிறு சில்லு, எல்லா வேலைக்கும் பொதுவான பெரிய சில்லைவிட மிகக் குறைந்த செலவில் அந்த வேலையைச் செய்துவிடும். இங்கே காசு நல்ல இடத்தில் போயிருக்கிறது. யு.எஸ்.பி. துளைகளும் அப்படித்தான். விசைப்பலகையையோ பென் டிரைவையோ நேரே செருகலாம். பன்னிரண்டு மடங்கு விலையுள்ள அன்றைய ஐபேடில் அந்த வசதி இருக்கவில்லை.

வேறொருவர் செய்த கணக்கு

ஆகாஷுக்குச் சில ஆண்டுகள் முன்பே இதே புதிருக்கு வேறு விதமாக விடை தேடியவர்கள் உண்டு. 2005-இல் நிக்கலஸ் நெக்ரோபாண்டி என்னும் அமெரிக்கர், ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காக 100 டாலரில் மடிக்கணினி செய்யப்போவதாக அறிவித்தார். 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்பது திட்டத்தின் பெயர். 2007-இல் அந்தக் கணினி வெளிவந்தது. எக்ஸ்.ஓ. என்று அதற்குப் பெயர்.

அதன் செயலி 433 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 256 மெகாபைட். சேமிப்பு 1 ஜிகாபைட். அதாவது மூளையைப் பொறுத்தவரை ஆகாஷும் எக்ஸ்.ஓ.வும் ஏறக்குறைய அண்ணன் தம்பிகள். வேறுபாடு திரையில் இருந்தது. மேரி லூ ஜெப்சன் என்ற பொறியாளர் வடிவமைத்த அந்தத் திரையில் பின்னொளியை அணைத்துவிடலாம். வெயிலே அதன் மேல் பட்டுத் திரும்பி எழுத்துகளைக் காட்டும். அப்போது நிறம் இராது, கறுப்பு வெள்ளைதான். ஆனால் ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளிகள். ஆகாஷில் ஓர் அங்குலத்துக்கு 133 புள்ளிகளே.

இந்த வேறுபாடு படிப்பவருக்கு எவ்வளவு முக்கியம்? நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் இந்தத் தமிழ் எழுத்துகளையே பாருங்கள். 'ணி' என்ற எழுத்தில் எத்தனை சுழிகள்! 10 புள்ளி அளவுள்ள சாதாரண அச்செழுத்துக்கு 133 புள்ளித் திரையில் உயரவாக்கில் கிடைப்பது சுமார் 18 புள்ளிகள். மேலே கொக்கிக்கும் கீழே சுழிக்கும் இடம் விட்டால், நடு உடலுக்கு மிஞ்சுவது அதில் ஒரு பகுதிதான். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 200 புள்ளித் திரையில் அதே எழுத்துக்கு 27-க்கு மேல் கிடைக்கும்.

பள்ளிப்பிள்ளை கணினியில் செய்யும் தலையாய வேலை படிப்பது, பல ஊர்களில் மரத்தடியிலும் திண்ணையிலும் உட்கார்ந்துதான் படிப்பான், மின்சாரமும் அரிது. இப்படி எண்ணித்தான் எக்ஸ்.ஓ.காரர்கள் செயலியில் குறைத்துத் திரையில் கூட்டினார்கள். கருத்து நன்று. ஆனால் விலை அவர்கள் சொன்ன 100 டாலருக்குள் அடங்கவில்லை. ஏறக்குறைய 200 டாலரைத் தொட்டது. இந்தியா 2006-லேயே அந்தத் திட்டத்தில் சேர மறுத்துவிட்டது. தென்னமெரிக்காவின் உருகுவே அரசு மட்டும் விடாப்பிடியாக வாங்கி, 2009-க்குள் தன் நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளி மாணவர்கள் அனைவருக்கும் கொடுத்தது.

ஆகாஷ் தான் சொன்ன விலையைக் காப்பாற்றியது. திரையிலும் மின்கலத்திலும் தோற்றது. எக்ஸ்.ஓ. படிக்கும் வசதியைக் காப்பாற்றியது, விலையில் தோற்றது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எக்ஸ்.ஓ. பக்கம்தான் சாய்வேன். பாதி நாளில் அணைந்துபோகும் கணினி, அடுத்த மாதம் அலமாரிக்குப் போய்விடும். ஆனால் இரண்டு மடங்கு விலை என்றால் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் கொடுக்க முடியும் என்று ஒருவர் வாதாடினால், அதையும் எளிதில் தள்ளிவிட முடியாது. நீங்கள் நிதி அமைச்சராக இருந்தால் என்ன செய்வீர்கள்?

பதின்மூன்று மாதங்களில் நடந்த மாற்றம்

2012 நவம்பர் 11-ஆம் நாள், அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஆகாஷ்-2 டேப்லெட்டை வெளியிட்டார். இம்முறை பொறுப்பு பம்பாய் ஐ.ஐ.டி.யிடம். செயலி 1 ஜிகாஹெர்ட்ஸ். நினைவகம் இரட்டிப்பாகி 512 மெகாபைட். சேமிப்பு 4 ஜிகாபைட். தொடுதிரையோ மின்தேக்கு வகை. விலை 2,263 ரூபாய். பழையதைவிட 13 ரூபாய் குறைவு!

இது எப்படி முடிந்தது? சில்லுகளின் பொருளாதாரம் விந்தையானது. ஒரு சில்லை வடிவமைக்கும் செலவு மிகப் பெரிது. வடிவமைத்தபின் ஒவ்வொன்றையும் அச்சிடும் செலவு சிறிது. கணக்குக்காக, வடிவமைப்புக்கு ஒரு கோடி ரூபாய் ஆயிற்று என்று கொள்ளுங்கள். பத்தாயிரம் சில்லுகள் விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் ஆயிரம் ரூபாய் ஏறும். பத்து இலட்சம் விற்றால் பத்தே ரூபாய். 2011-க்கும் 2012-க்கும் இடையில் உலகெங்கும் மலிவான டேப்லெட்டுகளும் கைப்பேசிகளும் பெருவாரியாக விற்கத் தொடங்கின. அதனால் நேற்று விலை உயர்ந்ததாக இருந்த சில்லு இன்று மலிவாயிற்று. மின்கலத்துக்கு இந்த நல்வாய்ப்பு அந்த அளவுக்கு இல்லை. அதன் விலையில் பெரும்பகுதி லித்தியம், கோபால்ட் போன்ற மூலப்பொருள்களின் விலை. இரட்டிப்பு ஆற்றல் வேண்டுமானால் ஏறக்குறைய இரட்டிப்புப் பொருள் வேண்டும். மலிவுக் கருவிகளில் செயலி ஆண்டுதோறும் முன்னேறுவதும், மின்கலம் மட்டும் மெல்ல நகர்வதும் இதனால்தான்.

ஆகாஷ் திட்டம் 2015-இல் முடித்துவைக்கப்பட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் மிக மலிவான டேப்லெட்டும் ஆகாஷைவிடப் பல மடங்கு வல்லமை உடையது. ஆனால் எங்கே குறைப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. குறைக்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

உங்கள் வீட்டில் ஒன்று வாங்கப் போகிறார்களா? பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பிறகு படியுங்கள். உங்கள் பாடப்புத்தகத்தின் கோப்பு ஒன்றைப் பென் டிரைவிலோ நினைவு அட்டையிலோ கொண்டுபோய், கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். படங்கள் நிறைந்த பக்கத்துக்கு வேகமாகத் தள்ளிப் பாருங்கள். வெள்ளையாக நின்று யோசித்துவிட்டு எழுத்தைக் காட்டினால் நினைவகம் போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு அதே பக்கத்தைத் தம்பியோ தங்கையோ பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். திரவப் படிகத் திரைகளில் மலிவான வகை ஒன்று உண்டு. அதில் படிக மூலக்கூறுகள் திருகிக்கொண்டு நிற்பதால் ஒளி நேரே வரும்போதுதான் நிறம் சரியாக இருக்கும். சாய்ந்து பார்த்தால் வெளுக்கும் அல்லது கறுக்கும். மற்றொரு வகையில் மூலக்கூறுகள் திரைக்கு இணையாகப் படுத்தபடியே திரும்புவதால், எப்பக்கம் நின்று பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. இருவர் சேர்ந்து ஒரே டேப்லெட்டில் படிக்கும் வீட்டுக்கு இது சிறிய செய்தி அல்ல.

சேமிப்பு 32 ஜிகாபைட் என்று எழுதியிருந்தால், இயக்க மென்பொருள் எடுத்துக்கொண்டது போக மீதி எவ்வளவு என்பதை அமைப்புப் பக்கத்தில் பாருங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் எத்தனை ஆண்டு வரும் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடைக்காரர்கள்தான் அதிகம். கேட்டு வைப்பதில் தவறில்லை. மின்கலத்தின் மில்லி ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து வாட்-மணி ஆக்கிக்கொள்ளுங்கள். திரையின் அளவு 8 அங்குலமா 10 அங்குலமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 10 அங்குலத் திரையின் பரப்பு 8 அங்குலத் திரையின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு. பின்னால் எரியும் விளக்கும் அதற்கேற்பக் கூடும். ஆகவே ஒரே மின்கலத்தைப் போட்டு இரண்டு அளவிலும் விற்கிறார்கள் என்றால், படிக்க வாங்குபவருக்கு எது நீண்ட நேரம் ஓடும் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.